ஏறும்போது தெரியாது

எம்லின் எனக்குத் தரவேண்டியது
பதினோரு ஈற்று, இரண்டு மடிநோய்,
ஒரு நள்ளிரவு அறுவை.
பணமில்லை, இதை எடுத்துக்கொள் என்று
தார்ப்பாயை இழுத்தான்.
ஐம்பத்தேழாம் வருடத்து ஃபோர்டு ஆங்லியா.
சாம்பல் பூத்த பச்சை.
பின்சீட்டில் ஒரு கோழிமுட்டை.

கார்மார்தன் மலைகளில்
மழைக்கு விடுமுறை கிடையாது.
முதல் நாளே வைப்பர் இரண்டும்
பாதிக் கண்ணாடியில் நின்று
வானத்தைக் காட்டின,
இதோ, இவர்தான் செய்தார் என்பதுபோல.

பழுது பார்க்க உட்கார்ந்த ஞாயிறு மட்டும்
பளிச்சென்று வெயில்.
பூவாளியால் நானே மழையானேன்.
காய்ந்த கண்ணாடியில் ஓட்டாதே, ரப்பர் கிழியும் என்றது
காரோடு வந்த கையேடு;
எண்ணெய்க்கறை படியாத பக்கம்
அதில் அது ஒன்றுதான்.

ஒயரைத் தேடித் தேடி அரைநாள் போனது.
ஒயரே கிடையாது.
இந்த வண்டியில் வைப்பருக்கு மின்சாரம் வேண்டாம்.
இன்ஜின் மூச்சை உள்ளிழுக்கும்;
ஒரு குழாய் வழியாக அந்த இழுப்பு போய்
கைகளை ஆட்டும்.
அவ்வளவுதான்.

இன்ஜின் பக்கம் குழாயைக் கழற்றிக்
கட்டைவிரலை வைத்தேன்.
பிறந்து ஒரு மணி நேரமான கன்றின் வாயில்
விரல் விட்டுப் பார்ப்பேனே,
அதே இழுப்பு, அதே வெதுவெதுப்பு.
சரி, இது பிழைக்கும்.
மறுமுனையில், மோட்டாரின் வாசலில்,
விரலை எதுவும் தொடவில்லை.
இடையில் எங்கோ
காற்று திருட்டுத்தனமாய் நுழைகிறது.

ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவந்தேன்.
பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.
டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து
குழாய் நெடுக வைத்து வைத்துக் கேட்டேன்.
கடிகாரத்துக்குப் பின்னால்
ஸ்ஸ்ஸ்.
நகக்கண் அளவு விரிசல்.

முதலில் கன்றுக்கு மருந்து புகட்டும் குழாயைப் போட்டேன்.
இன்ஜின் ஒரு இழு இழுத்ததும்
பட்டினி கிடந்த வயிறுபோல
அது ஒட்டிப்போனது.
எம்லினைக் கூப்பிட்டேன்.
உறிஞ்சலைத் தாங்கும் குழாயா,
கொட்டில் முழுக்க அதுதானே என்றான்.
பால் கறக்கும் இயந்திரத்திலிருந்து
ஒரு முழம் வெட்டிக்கொடுத்து
இதையும் கணக்கில் கழித்துக்கொள் என்றான்.
வெட்கமே இல்லை அவனுக்கு.

அச்சில் பழைய கிரீஸ் மெழுகாய் இறுகிக் கிடந்தது.
கத்தியால் சுரண்டினேன். புதிது பூசினேன்.
சாவி. பூவாளி.
இரண்டு கைகளும் எழுந்தன,
ஒன்று முன்னே,
மற்றது சற்று யோசித்து.

புதன் இரவு, ஃபோன்.
மேட்டுப் பண்ணையில் ஒரு பசு,
கன்றின் பின்னங்கால் முதலில் வருகிறதாம்.
மழை சாட்டையால் அடித்தது.
சமதரையில் வைப்பர் துள்ளிக்கொண்டு ஓடியது.
ஏற்றம் தொடங்கியதும் காலை அழுத்தினேன்.
தயங்கியது.
நின்றது.

மறுபடி விரிசலா என்று
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
பிறகு உறைத்தது. பழுதல்ல.
வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் இன்ஜினிடம்
உறிஞ்சுவதற்கு எதுவும் மிச்சமில்லை.
செய்தவர்களே இப்படித்தான் செய்து விற்றார்கள்:
ஏறுவதானால் பார்க்காதே,
பார்ப்பதானால் ஏறாதே.

காலைத் தூக்கினேன். ஒரு வீச்சு. சாலை.
அழுத்தினேன். தண்ணீர்.
தூக்கினேன். வேலி, வளைவு.
அழுத்தினேன்.
தூக்கினேன்.
நடுச்சாலையில் நின்று
எதையோ மென்றுகொண்டிருந்தது ஓர் ஆடு.

பிரேக். கைபிரேக். இறங்கி
நனைந்த கம்பளி முதுகில் தட்டினேன்.
ஆடு நகர்வதைப் பற்றி யோசித்தது.
எனக்குப் பின்னால்
சும்மா நின்ற இன்ஜினின் முழு மூச்சும் கிடைத்து
வைப்பர் இரண்டும் வெறிகொண்டு துடைத்தன,
யாரும் உட்கார்ந்திராத இடத்திலிருந்து
சாலை அவ்வளவு தெளிவாகத் தெரியும்படி.